ஒலிப் பெட்டியும் எழுப்பவும் பெட்டியும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய சாமான் எடுக்கிறவர் டெம்போவோடு வருவார் என்று அண்ணன் சொன்னது வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது. சொல்லிவிட்டு அப்பாவின் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்தான். அவை இன்னும் ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாக்கு சுற்றியபடி நின்றிருந்தன.

"அதத் தொட்டீன்னா நடக்கறதே வேறண்ணா" என்றேன்.

"தொடல. ஆனா பாடாத பொட்டிய ஹால்ல எதுக்கு பாப்பா அடைக்கறது? செவுத்துக்கு சவுண்ட்பார் வாங்கலாம்னு இருக்கறேன்."

"பாட வெச்சுட்டேன்னா?"

அண்ணன் நவீன்குமார் யோசித்தான். அவனுக்குப் பந்தயம் என்றால் சிறுவயதிலிருந்தே கை அரிக்கும். "அம்மா ஹால்ல உக்காந்து ஒரு பாட்டு முழுசாக் கேக்கோணும். பாதியில எந்திரிச்சுப் போச்சுன்னா பொட்டி டெம்போவுல ஏறிரும். சரியா?"

இதைவிடக் கொடுமையான பந்தயத்தை யாராலும் கட்ட முடியாது. எங்கள் அம்மா தமிழ்ச்செல்வி ஹாலில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுசாகக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் பார்த்ததே இல்லை.

"சரி" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சரி சொல்வதுதான் என் வியாதி. அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் நான் ஈ.சி.ஜி. எடுக்கிறேன். மீதி நேரம் முழுக்க ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் படிப்பது, வீடியோ பார்ப்பது, முகம் தெரியாதவர்களோடு வாட்ஸ்அப் குழுவில் சண்டை போடுவது. படித்ததையெல்லாம் மாட்டிப் பார்க்க எனக்கென்று சொந்தமாக இருந்தவை அந்த இரண்டு பெட்டிகள் மட்டும்தான்.

அவற்றை அப்பா செய்தது நான் பிறந்த வருடம். அப்பா தீனதயாளன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஒயரிங் பார்த்தவர். ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் அவர் கை. ஒரு வண்டி கேபினில் இருந்து கழற்றிப்போட்ட ஆறு இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு கிடைத்ததும், லாரித் தரைக்குப் போடும் தடித்த பிளைவுட்டில் பெட்டி அடித்தார். உள்ளே நான்கு பக்கமும் முட்டை அட்டை ஒட்டினார். நாமக்கல்லில் முட்டை அட்டைக்கா பஞ்சம்? பட்டறையில் பெயர் எழுதுகிற பெயின்டர் குமாரசாமி, மிச்சமிருந்த மஞ்சளை அடித்து, சிவப்பில் ஒரு பெட்டியில் 'ஒலி' என்றும் இன்னொன்றில் 'எழுப்பவும்' என்றும் எழுதிக் கொடுத்தார். லாரிக்குப் பின்னால் எழுதுகிற அதே எழுத்து, அதே சாய்வு.

அப்போது நாங்கள் இருந்தது பரமத்தி ரோட்டில் ஒரு வாடகை வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் ஹால், நடுவில் ஓர் இருட்டு அறை, கடைசியில் சமையலறை. ஒலிப் பெட்டியை அப்பா ஹாலில் வைத்தார். எழுப்பவும் பெட்டியைச் சமையலறைப் பரண்மேல் வைத்து, லாரியின் பின்லைட்டுக்கு இழுப்பது போல வீடு முழுக்க ஒயர் இழுத்தார். அம்மாவுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கேசட் போட்டால் தெருவில் இருந்து அடுப்படி வரைக்கும் வீடே பாடும். நான் ஹாலில் அப்பா காலடியில் கிடப்பேன். அண்ணன் அம்மாவோடு அடுப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். நான் முதலில் படிக்கக் கற்ற வார்த்தை 'ஒலி'. அண்ணன் 'எழுப்பவும்' என்பதை எழுத்துக் கூட்டிக் கற்றதாக அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும். அவன் வார்த்தை பெரியது என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பொறாமை உண்டு.

நான் எட்டாவது படிக்கும்போது கேசட் பிளேயர் செத்துப் போனது. அதோடு பெட்டிகளும் வாயை மூடிக்கொண்டன. இப்போது அண்ணன் அஸ்தம்பட்டியில் வீடு வாங்கிவிட்டான். நாமக்கல் வீட்டைக் காலி செய்து நாங்கள் எல்லோரும் இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நேராகச் செவ்வாய்ப்பேட்டைக்கு வண்டியை விட்டேன். யோகேஷ் அங்கே பழைய ஆம்ப்களைச் சரிசெய்து விற்கிறான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னோடு அதிகம் சண்டை போட்டவன் அவன்தான். அவனிடம் ஒரு ரிசீவர், அதாவது ஹோம் தியேட்டர் ஆம்ப், இருந்தது. கன்னங்கரேல் என்று அம்மிக்கல் கனம். ஏழு ஸ்பீக்கர் மாட்டலாம், டிவியை மாட்டலாம், முகப்பில் நீல எழுத்து ஓடும். பார்த்ததும் மயங்கிவிட்டேன்.

"எந்த ஸ்பீக்கருக்குங்க?" என்று கேட்டான்.

"வீட்டு ஸ்பீக்கருக்குத்தான்" என்று சொல்லி, பதிலுக்கு நிற்காமல் வண்டியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் டிவிக்கு இரண்டு பக்கமும் பெட்டிகளை வைத்தேன். இடது பக்கம் 'ஒலி', வலது பக்கம் 'எழுப்பவும்'. பிறந்ததில் இருந்து முதல் தடவையாக இரண்டும் பாடுவதற்கென்று பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்து எட்டிப் பார்த்தது. பாட்டைப் போட்டேன். பாடியது! பத்து வருடத்துக்கு மேல் ஊமையாக இருந்தவை பாடின. சந்தோஷத்தில் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். 'டிக்' என்றது. நீல எழுத்து அணைந்து ரிசீவர் தூங்கிவிட்டது. மறுபடி போட்டேன், பாதிப் பல்லவியில் மறுபடி 'டிக்'.

"என்ன பாப்பா, ரெஸ்ட் எடுக்குதா?" என்றான் அண்ணன் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு.

"நெம்ப நாள் கழிச்சுப் பாடுதல்ல, மூச்சு வாங்கும்" என்று அம்மா எனக்காகப் பரிந்து பேசிவிட்டுச் சட்னி தாளிக்கப் போய்விட்டது.

யோகேஷுக்குப் போன் போட்டேன்.

"ஸ்பீக்கரு எத்தன ஓம்னு பாத்தீங்களாங்க?"

போனைக் காதில் வைத்தபடியே கண்ணால் மல்டிமீட்டரைத் தேடினேன்.

"ஏனுங்க இனியா, குரூப்புல புதுசா வர்றவங்களையெல்லாம் 'மொதல்ல ஓம் பாரு, பொறவு ஆம்ப் பாரு'ன்னு வெரட்டறது நீங்கதானுங்களே?"

போனை வைத்துவிட்டு அப்பாவின் மல்டிமீட்டரை எடுத்துப் பெட்டியின் ஒயரில் வைத்தேன். மின்தடை மூன்று புள்ளி நான்கு ஓம். மீட்டர் கொஞ்சம் குறைத்தே காட்டும், அப்படியென்றால் நாலு ஓம் ஸ்பீக்கர். ரிசீவரின் முதுகிலோ, ஆறு ஓமுக்குக் குறையாமல் மாட்டு என்று பளிச்சென்று அச்சடித்திருந்தது. ஓம் குறையக் குறைய ஸ்பீக்கர் ஆம்ப்பிடம் அதிகக் கரண்ட் கேட்கும். தாங்காத ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். வண்டிக்குள் போடுகிற ஸ்பீக்கர் பெரும்பாலும் நாலு ஓம்தான். இது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் அப்பாவின் பெட்டிகளை நான் ஸ்பீக்கர் என்று நினைத்ததே இல்லையே. வீட்டு மனிதர்களை யாராவது அளந்து பார்ப்பார்களா?

சனிக்கிழமை லாரி ஸ்பீக்கர் கதையைச் சொன்னதும் யோகேஷ் ரிசீவரைத் திரும்ப எடுத்துக்கொண்டான். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு நின்றது. பதிலுக்கு வாழப்பாடியில் ஒருவர் வீட்டில் இருந்து வந்த ஒரு ஸ்டீரியோ ஆம்ப்பைக் கொடுத்தான். நீல எழுத்தெல்லாம் இல்லை. ஒரு பெரிய திருகு, இரண்டு சின்னத் திருகு. ஆனால் முதுகில் நாலு ஓமும் எழுதியிருந்தது.

"இது உங்க லாரியத் தாங்குமுங்க" என்றான்.

தாங்கியது. சாயந்திரம் எவ்வளவு ஏற்றினாலும் அணையவில்லை. பந்தயத்தில் பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து அம்மாவைச் சோபாவின் நடுவில் உட்காரவைத்து, எங்கள் வீட்டுச் சாரல் பாட்டைப் போனில் தேடிப் போட்டேன். அது ஓடாத ஒரு படத்தில் வந்த பாட்டு. மழை சத்தத்தோடு ஆரம்பிப்பதால் எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்.

என்னமோ சரியில்லை. சத்தம் இருக்கிறது, பாட்டு இல்லை. தபேலா தகர டப்பா மாதிரி தட்டியது. பாடகர் ஹாலில் எங்கேயும் இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு நிமிடம், ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம் என்று அலைந்தார்.

"பாடறவரு எங்க நிக்கறாருன்னே தெரீல சாமி. தலைய கிறுகிறுங்குது" என்று அம்மா எழுந்து போய்விட்டது. சரணம்கூட வரவில்லை.

அப்பாவும் இருந்தார். அவர் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "முன்னெல்லாம் நல்லாத்தான பாடிட்டு இருந்துச்சு" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அண்ணன்கூடக் கிண்டல் செய்யவில்லை. போனை எடுத்து டெம்போக்காரரிடம், "ஆமாங்க, பத்து மணிக்கே வாங்க" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளினிக்கில் இருந்து கூப்பிட்டார்கள். ஒரு பெரியவருக்கு நெஞ்சு படபடப்பு, ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். போனேன். ஒயர்களை மாட்டினேன். காகிதத்தில் கோடு தலைகீழாக வந்தது. மேலே எழும்ப வேண்டியது கீழே குத்தியது. பார்த்தால், வலது கைக்குப் போட வேண்டிய சிவப்பை இடது கையிலும், இடது கை மஞ்சளை வலது கையிலும் மாட்டியிருக்கிறேன். மனசு முழுக்கப் பெட்டியில் இருந்தால் வேறென்ன ஆகும்? மாற்றிப் போட்டேன். கோடு ஒழுங்காக எழுந்து நின்றது. பெரியவருக்கு ஒன்றும் இல்லை, வாயுதான். எனக்குத்தான் படபடப்பு ஆரம்பித்தது.

ஒயர் மாறினால் தலைகீழ்!

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் டிவி ரிமோட்டில் இருந்து ஒரு பேட்டரியை உருவினேன். மணி ஒன்பதேகால்.

"அப்பா, இங்க வாங்க. அண்ணா, நீயும் வா."

ஆம்ப்பில் இருந்து ஒயர்களைக் கழற்றி, முதலில் ஒலிப் பெட்டியின் ஒயரில் பேட்டரியைத் தொட்டேன். 'டப்' என்று ஸ்பீக்கரின் கூம்பு வெளியே எகிறியது. எழுப்பவும் பெட்டியில் அதே மாதிரி தொட்டேன். 'டப்.' இது உள்ளே போனது.

"ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குதா?" என்றான் அண்ணன், என் தோளுக்கு மேல் குனிந்து.

"ஆமா. ஒருத்தரு தள்றதை இன்னொருத்தரு இழுத்து அழிச்சிடறாங்க. அதான் பாடகரைக் காணோம்."

அப்பா தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரை அவரே எடுத்தார். எழுப்பவும் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினார். முட்டை அட்டை இன்னும் ஒட்டிக்கொண்டு இருந்தது. உள்ளே இரண்டு ஒயரும் ஒரே மஞ்சள். எது பிளஸ், எது மைனஸ் என்று ஒரு அடையாளமும் இல்லை.

"லாரியில வண்டியே மைனஸ்தான சாமி" என்றார், யாரையும் பார்க்காமல். "ஒரு ஒயரு போனாப் பத்தும். மிச்சத்த வண்டியோட இரும்பு பாடி பாத்துக்கும். முப்பது வருசம் அப்படித்தான் போட்டேன். பல்பு எப்படிக் குடுத்தாலும் எரியும்."

"அப்பறம் எப்படிப்பா நாமக்கல்லுல இத்தன வருசம் நல்லாப் பாடுச்சு?" என்றான் அண்ணன்.

பதில் எனக்குத் தெரியும். ஒன்று ஹாலில், ஒன்று அடுப்படியில். நடுவில் ஓர் அறையும் இரண்டு சுவரும். இரண்டையும் ஒரே இடத்தில் இருந்து யாரும் கேட்டதே இல்லை. ஒன்றை ஒன்று அழிக்க அவற்றுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். "அப்ப எம்மேல முழுத் தப்பில்ல" என்றார். "இல்லீங்கப்பா, பாதிதான்" என்றேன். சிரித்துவிட்டார். ஒயரை அவரே மாற்றிப் போட்டு, பிளஸ் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு முடிச்சும் போட்டுப் பலகையை மூடினார்.

மணி பத்தாக எட்டு நிமிடம். அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"குக்கர் வெச்சிருக்கறேன் சாமி, சும்மா இழுக்காத."

"ஒரே ஒரு பாட்டும்மா."

சாரல் பாட்டைப் போட்டேன். மழை ஹாலில் பெய்தது. அப்புறம் டிவி இருக்கும் இடத்தில், நட்ட நடுவில், பாடகர் வந்து நின்றார். தபேலா தொடைக்குள் இறங்கியது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அம்மா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பல்லவி முடியும்போது குக்கர் முதல் விசில் அடித்தது. அம்மாவின் முதுகு சோபாவில் இருந்து விலகியது. கீழே டெம்போ வந்து நின்று ஹாரன் அடித்தது. இரண்டாவது விசில். அம்மா முழங்காலில் கையை ஊன்றியது. போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற இசை ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் இந்த இடத்துக்கென்றே ஒரு பழைய தகராறு உண்டு. இங்கே வருவது புல்லாங்குழல் என்பார் அப்பா. வயலின் என்று அம்மா அடித்துச் சொல்லும். 'காதுல ஹாரன் அடிச்சு அடிச்சு உங்களுக்கு ரெண்டும் ஒண்ணாக் கேக்குதுங்க' என்று அம்மா சொல்ல, 'மிக்ஸி ஓடறப்ப பாட்டுக் கேட்டா அப்படித்தான் புள்ள' என்று அப்பா திருப்புவார். நான் அப்பா கட்சி. அண்ணன் அம்மா கட்சி. குளிக்கும்போதுகூட அவன் வயலினைத்தான் முனகுவான். எங்கேயோ கல்யாண வீட்டில் இந்தப் பாட்டைக் கேட்டபோதும், கூட்டத்தில் அவரவர் கேட்க விரும்பியதைக் கேட்டுவிட்டு வந்து சண்டையைத் தொடர்ந்தோம்.

ஒலிப் பெட்டியில் இருந்து புல்லாங்குழல் ஒரு கேள்வி கேட்பது போல எழுந்தது. நின்றது. எழுப்பவும் பெட்டியில் இருந்து வயலின் பதில் சொன்னது. மறுபடி குழல். மறுபடி வயலின். இடப் பக்கம் ஒரு வரி, வலப் பக்கம் ஒரு வரி. ஸ்டீரியோவில் அப்படிப் பிரித்தே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஊன்றிய கையை அம்மா எடுத்துவிட்டது. மெதுவாகச் சோபாவில் சாய்ந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தபடி வலது பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலில் குழல் ஒரு வரி வாசித்துவிட்டு நிற்கும். அந்த நிசப்தத்தில் அவர் எப்போதும் தொடையில் தாளம் போடுவார். அந்த நேரத்தில் அடுப்படியில் வயலின் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அம்மா கேட்டதெல்லாம் பதில்கள். கேள்விகள் எல்லாம் எங்களிடம் இருந்திருக்கின்றன.

மூன்றாவது விசில் வந்தது. அம்மா அசையும் முன்பே அண்ணன் எழுந்தான். ஓட்டமாகப் போய் அடுப்பை அணைத்துவிட்டு, வரும் வழியில் பால்கனியில் நின்று கீழே கையை ஆட்டினான். "நீங்க போங்கண்ணா. சைக்கிளும் பேப்பரும் அடுத்த வாரம் எடுத்துக்கலாம்." திரும்பி வந்து அம்மா காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான். நாமக்கல் அடுப்படியில் உட்கார்ந்த மாதிரியே, ஒரு காலை மடக்கி.

சரணம், இன்னொரு முறை குழலும் வயலினும், கடைசியில் மழை. பாட்டு முடிந்தது. அம்மாதான் ஆரம்பித்தது.

"ஏனுங்க, ரெண்டும் இருக்குதுங்களே."

"ஆமா புள்ள" என்றார் அப்பா. "வயலினும் இருக்குது."

"கொழலும் நல்லாத்தான் இருக்குது" என்றது அம்மா, பெரிய மனதோடு.

"இத்தன வருசம் என்னையும் சேத்துச் சண்டை போட வெச்சீங்களே ரெண்டு பேரும்" என்றான் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி சரி, பல்லக் காட்டாத. பொட்டி இருக்கட்டும்" என்றான்.

நான் பெட்டிகளை இன்னும் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி, சுவரில் இருந்து அரை அடி தள்ளி, அம்மா உட்கார்ந்த இடத்தில் இருந்து இரண்டுக்கும் ஒரே தூரம் வருகிற மாதிரி டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றது.

"சாமி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லும்மா."

"எழுப்பவும் பொட்டிய அடுப்படியில வெச்சுக் குடேன். இந்தப் புது ஊட்டுல அங்க நின்னா வெறிச்சுனு இருக்குது."

மூன்று நாளாக இரண்டையும் ஒன்றாகப் பாடவைக்கப் பாடுபட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது! பாட்டை இடது வலது என்று பிரிக்காமல் இரண்டு பெட்டிக்கும் முழுசாக அனுப்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்துவிட்டான். அப்பா அதற்குள் பரணில் இருந்து நாமக்கல் ஒயர்ச் சுருளை இறக்கிக்கொண்டிருந்தார். அதுவும் ஒரே மஞ்சள்.

"முடிச்சுப் போடுங்கப்பா. பிளஸ்ஸுக்கு முடிச்சு" என்றேன்.

"போடறேன் போடறேன்."

மத்தியானம் அண்ணன் மறுபடி சாரல் பாட்டைப் போட்டான். பாட்டைப் பிரித்துத்தான் அனுப்பினேன், பழையபடி. நான் ஹாலில் தரையில் கிடந்தேன். குழல் ஒரு வரி வாசித்துவிட்டு நின்றது. அப்பா தொடையில் தாளம் போட்டார். அடுப்படியில் இருந்து வயலின் லேசாகக் கேட்டது. அது நின்றதும், ஹாலில் குழல் எழுந்த அதே நேரத்தில், அடுப்படியில் அம்மாவும் குழலை முனகியது.